பட்டை வாங்கப் போன ஊரில் ஒரு சத்தியம்

எனக்கு அந்த ஊரைப் பிடிக்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கியபோதே பிடிக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் ஊர்மேல் குற்றம் கிடையாது. வழியெல்லாம் மாட்டுவண்டியில் குலுங்கி இடுப்பு விட்டுப்போயிருந்தது. விடியற்காலை திருப்பத்தூரில் குடித்த காப்பிக்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் இறங்கவில்லை. அந்த நிலையில் என்னைச் சொர்க்கத்தில் கொண்டுபோய் இறக்கியிருந்தாலும் வாசல்படி உயரம் என்று குறை சொல்லியிருப்பேன்.

அப்போது நான் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் குமாஸ்தா. தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். தோலை ஊறப்போட ஆவாரம்பட்டை வண்டி வண்டியாக வேண்டும். வழக்கமாகப் பட்டை கொண்டுவந்தவர்கள் விலையைத் தாறுமாறாக ஏற்றிவிட்டார்கள். ஷாப் முதலாளி சாயபுவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஜவ்வாது மலையடிவாரத்தில் கேழ்வரகும் கடலையும் விளைகிற ஒரு சிற்றூர் இருக்கிறது, சுற்றிலும் ஆவாரங்காடுதான், நேரே போய் சந்தையில் ஆட்களைப் பிடித்துப் பேசி முடித்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார். நானும் கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கையில் குடை என்று மாப்பிள்ளை மாதிரி கிளம்பினேன்.

ஊர் எல்லையில் வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டார். பாதைக்குக் குறுக்கே இரண்டு மரங்களுக்கு நடுவில் கயிறு கட்டி வேப்பிலை செருகியிருந்தார்கள்.

“இன்னா பேஜாரு பாருங்க,” என்றார் அவர். மேல்விஷாரத்துக்காரர், தன் மாடுகளைத் தவிர உலகத்தில் எதையும் பெரிதாக நினைக்காதவர். “உள்ள மாட்டுக்கு வெக்கை கண்டுகீது. நான் என் மாட்ட இதுக்கு அந்தாண்ட ஓட்டமாட்டேன். நீங்க நடந்து போய் வேலைய முடிச்சிக்கினு வாங்க.”

வெக்கை வந்தால் மாடு காய்ச்சலில் கொதித்து, வாய் புண்ணாகி, கழிந்து கழிந்து சாகும். ஒரு கொட்டகையில் நுழைந்தால் தெருவையே துடைத்துவிட்டுப் போகும். எனக்கு அது தெரியும். தெரிந்தும், எனக்கென்ன, நான் வந்தது பட்டைக்குத்தானே என்று குடையை விரித்துக்கொண்டு கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனேன்.

சந்தை நாள், ஆனால் சந்தை கூடவில்லை. நாலைந்து பேர் கத்தரிக்காயையும் மிளகாயையும் பரப்பி வைத்துக்கொண்டு, வாங்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண்ணிடம் தண்ணீர் கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள், மூக்கைச் சுளித்தாள், இடுப்புப் பிள்ளையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தோல் ஷாப்பில் வேலை செய்கிறவன் எவ்வளவு குளித்தாலும் துணியில் ஒரு வாடை இருக்கும். எங்களுக்கு அது தெரியாது, மற்றவர்களுக்குத்தான் தெரியும்.

“எந்த ஊருங்க?” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

நான் திரும்பி, என் கோட்டுக்கு ஏற்ற மாதிரி நிமிர்ந்து நின்று, “ஆம்பூர். தோல் ஷாப்பு,” என்றேன். அந்த இரண்டு வார்த்தை போதும். கத்தரிக்காய்க்காரர்கள் எழுந்தார்கள். எங்கே இருந்தார்களோ, சந்துகளிலிருந்து ஆண்கள் வந்தார்கள். யாரும் என்னை அடிக்கவில்லை, தொடக்கூட இல்லை. நாலு பக்கமும் நெருங்கி நின்று நடந்தார்கள். நானும் நடக்க வேண்டியதாயிற்று. குடையை மடக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

சாவடிக்கு முன்னால் ஒரு புங்கமரம். அதில் ஓர் ஆளைக் கட்டியிருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். உதடு கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது. அவர் காலடியில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவி என்று சொல்லாமலே தெரிந்தது.

சாவடியில் இருந்த நாட்டாண்மைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். கத்தவில்லை. நிதானமாகச் சொன்னார். அந்த ஊரில் மாடு செத்தால் அப்புறப்படுத்துவது கட்டப்பட்டிருந்தவரின் வேலை. வழிவழியாக வந்தது. அதற்குக் கூலி கிடையாது. செத்த மாட்டின் தோல் அவருக்கு. அவர் அதை உரித்து உலர்த்தித் தரகர்களிடம் விற்பார். தரகர்கள் ஆம்பூருக்கு ஏற்றுவார்கள். இந்த மாதம் மாடுகள் வரிசையாகச் செத்தன. மாடு செத்தால் யாருக்கு லாபம்? இவனுக்கு லாபம். இவனுக்கு மேலே ஆம்பூர்க்காரனுக்கு லாபம். அப்படியானால் தீனியில் பாஷாணம் வைத்தது யார்?

“நீயே சொல்லு. உங்க ஷாப்புல பாஷாணம் கீதா, இல்லியா?”

இருக்கிறது. மயிர் உதிர்வதற்காகச் சுண்ணாம்போடு கலப்பார்கள். பொய் சொல்லியிருக்கலாம், நாக்கு வரவில்லை. “இருக்கு, ஆனா அது தோலுக்கு,” என்றேன். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்ததே தவிர, அவர்கள் போட்ட கணக்கில் எனக்கே ஓட்டை தெரியவில்லை.

கூட்டத்தின் முன்வரிசையில் ஒரு குடியானவர் நின்றிருந்தார். ஜோடி உழவு மாடும் ஒரே வாரத்தில் போய்விட்டதாம். கண் சிவந்து, தாடி வளர்ந்து, சாவு வீட்டுக்காரர் போலவே இருந்தார். “இவனே கேக்கறதுக்கு வந்துட்டான் பாரு, தோல் இன்னும் வர்லியேன்னு,” என்று என்னைக் காட்டிச் சொன்னார். “பொழுது சாய்றதுக்குள்ள ரெண்டு பேருக்கும் கைய முறிச்சு அனுப்புங்க. இவன் குடிசைய நானே கொளுத்தறேன்.”

அதுதான் ஏற்கெனவே முடிவாகியிருந்த தண்டனை என்று பிறகு தெரிந்துகொண்டேன். பொழுது சாய்வதற்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த மனிதருக்குக் கையும் போகும், வீடும் போகும். இப்போது நானும் அதில் சேர்ந்துகொண்டேன்.

நாட்டாண்மைக்காரர் கையை உயர்த்தினார். “இவனத் தெரியுமா உனக்கு?”

“தெரியாது. இன்னிக்குத்தான் பாக்கறேன். நான் பட்டை வாங்க வந்தேன்.”

“அப்ப கற்பூரம் அணைச்சு சொல்லு.”

அம்மனுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அறைந்து அணைக்க வேண்டும். அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் சத்தியம் கிடையாது; அதைச் செய்தவனை யாரும் தொடமாட்டார்கள். ஆனால் நான் வேதக்காரன். என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மாரியம்மன் திருவிழாவுக்குப் பறையடிக்க மாட்டேன் என்று சொன்னதற்காக வாலிப வயதில் சொந்த ஊரிலிருந்து துரத்தப்பட்டவர். என் பாட்டனார் அந்தப் புங்கமரத்தில் கட்டப்பட்டிருந்தவரின் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். இதெல்லாம் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. என் கோட்டுக்கு அடியில் இருந்தது.

“நான் கிறிஸ்தவன். பைபிள்மேல வேணும்னா சத்தியம் பண்றேன்,” என்றேன்.

“உன் புஸ்தகத்துக்கு எங்க மாட்டப் பத்தி இன்னா தெரியும்?” என்றார் நாட்டாண்மைக்காரர். சிலர் சிரித்தார்கள். கட்டப்பட்டிருந்தவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. இவன் செய்வானா, மாட்டானா என்று பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

கோயிலுக்குள் என்னை விட முடியாது என்பதால் அம்மன் கரகத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பித்தளைத் தட்டில் கற்பூரத்தை ஏற்றினார்கள். நான் செருப்பைக் கழற்றினேன், தலைப்பாகையைக் கழற்றினேன். கையை நீட்டினேன். கை ஆடியது. நெருப்புக்குப் பயந்து அல்ல. அப்பா இதே அம்மனுக்குப் பறையடிக்க மறுத்து வீடு வாசலை விட்டு வந்தாரே, அதை நான் தெருவில் நின்று வீணாக்கப்போகிறேன் என்ற நினைப்பில் மணிக்கட்டு என் சொல்லைக் கேட்கவில்லை.

“வுடுங்க,” என்று அந்தக் குடியானவர் கத்தினார். “இவன் சத்தியம் செல்லாது. அம்மன் இவனுக்குச் சாமியே இல்ல. இவனுக்கு இன்னா நஷ்டம்? ஆயிரம் தபா அணைப்பான்.”

ஊர் யோசித்தது. நாட்டாண்மைக்காரரும் யோசித்தார். எனக்கோ இருபுறமும் அடைத்துப்போயிற்று. அந்த நேரத்தில், கட்டப்பட்டிருந்தவரின் காலடியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி எழுந்து நின்றாள்.

“அவுருக்கு நஷ்டமில்லன்னா கை ஏன் இப்டி நடுங்குது?” என்று கேட்டாள். “பாருங்க. எல்லாரும் பாருங்க. ஒண்ணுமில்லாததுக்கா ஒரு ஆம்பள இப்டி நடுங்குவான்?”

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். வெட்கக்கேடாக ஆடிக்கொண்டிருந்தது. நாட்டாண்மைக்காரர், “சொல்லச் சொல்லு,” என்றார்.

“இவரை எனக்குத் தெரியாது. இவருக்கு நானோ என் ஆட்களோ எதுவும் கொடுக்கவில்லை. அம்மன்மேல் சத்தியம்,” என்று சொல்லி அறைந்தேன். கற்பூரம் அணைந்தது.

இதற்கு எங்கள் கிறிஸ்தவச் சபையில் என்ன கிடைத்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊர் திரும்பி நானே போய்ச் சொன்னேன். அடுத்த கிறிஸ்துமஸ் வரை எனக்கு இராப்போஜனம், அதாவது ஆராதனையில் தருகிற அப்பமும் ரசமும், கிடையாது என்று கூட்டம் போட்டுத் தீர்மானித்தார்கள். அதற்குக் கை தூக்கியவர்களில் அப்பாவும் ஒருவர். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் இடத்தில் நின்று பார்த்தால் அது சரிதான் என்று தெரிகிறது. ஆத்திரம் மட்டும் இன்னும் முழுக்க ஆறவில்லை.

சத்தியத்தோடு விஷயம் முடிந்துவிடும் என்று நான் நினைத்தது என் அறியாமை. அடுத்த சந்தை வரைக்கும் கெடு வைத்தார்கள். அதுவரை நானும் அவரும் ஊரைவிட்டுப் போகக் கூடாது. அதற்குள் ஊரில் ஒரு மாடு செத்தாலும் சத்தியம் பொய். பொய்ச் சத்தியத்துக்கு என்ன செய்வார்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வண்டிக்காரருக்கு ஆள்விட்டுச் சொன்னேன். சந்தையன்று எல்லைக்கு வருகிறேன், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் அனுப்பிவிட்டு அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு சாவடிதான் எனக்கு வீடு. காலையிலும் மாலையிலும் யாரோ ஒரு களி உருண்டையும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, பேசாமல் போவார்கள். களி தொண்டையில் இறங்காது. இறங்கினாலும் வயிற்றில் கல்லாக உட்கார்ந்துகொள்ளும். அவிழ்த்துவிடப்பட்ட அந்த மனிதர் புங்கமரத்தின் அடியில் இருப்பார். நான் சாவடித் தூணில் சாய்ந்திருப்பேன். நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசினால், ‘தெரியாதுன்னு சொன்னானே’ என்று ஆரம்பிப்பார்கள். ஒருநாள் அவர் இருமி இருமிக் கண்ணில் நீர் கட்டியது. என் சொம்பில் தண்ணீர் இருந்தது. எழுந்துபோய்க் கொடுக்கத் துணியவில்லை. பக்கத்தில் இருக்கும் மனிதனைத் தெரியாதவன்போல இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது.

தினமும் விடிந்தால் அந்தக் குடியானவர் தெருத்தெருவாகப் போய் ஒவ்வொரு கொட்டகையாக எட்டிப் பார்ப்பார். அவர் திரும்பி வருகிற வரைக்கும் நான் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போவார். எந்த மாடாவது அடித்தொண்டையில் கத்தினால் எழுந்து நின்றுவிடுவேன். நான் ஜெபம் செய்தேன். ‘கர்த்தாவே, மாரியம்மன் பேரைக் காப்பாற்றும்’ என்றுதான் செய்தேன். அதைக் கேட்டு யார் சிரித்திருப்பார்கள் என்று தெரியாது. வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தோன்றவில்லை.

சந்தைக்கு முந்தின நாள் மத்தியானம் ஒரு பசு படுத்துவிட்டது. வேறு யாருடையதும் அல்ல, அந்தக் குடியானவரின் கறவைப் பசு. உழவு மாடு போன பிறகு அவர் வீட்டில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

என்னையும் அந்த மனிதரையும் அவர் கொட்டகை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தார்கள். ஊரே வந்துவிட்டது. ஒருவன் தோளில் கயிற்றுச் சுருளைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அதைக் கீழே வைக்கவே இல்லை. உள்ளே பசு வயிறு உப்பி, கழுத்தை நீட்டிக் கிடந்தது. குடியானவர் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எங்களைத் திட்டவில்லை. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. “எழுந்துரும்மா, எழுந்துரு,” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்தக் குரலைக் கேட்டதும் எங்கோ போய்விட்டது. பயம் மட்டும் போகவில்லை.

அந்த மனிதரின் மனைவி சற்றுத் தள்ளி நின்றாள். அவள் பசுவைப் பார்க்கவில்லை. கயிற்றுக்காரனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் கூரையைத் தாண்டி எதிர்ச்சுவருக்கு ஏறியது. யாரோ வேப்பெண்ணெயும் இஞ்சிச் சாறும் கலந்து கொண்டுவந்தார்கள். மூங்கில் குழாயில் ஊற்றி வாயில் விட்டார்கள். பாதி வெளியே வழிந்தது. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஓடிவிடலாமா என்று ஒருகணம் தோன்றியது, எங்கே ஓடுவது?

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குடியானவர் வெளியே வந்தார். வாசற்படியில் நின்றார்.

“அசை போடுது,” என்றார்.

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கயிற்றுக்காரன் கயிற்றைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் விடிந்ததும் ஊருக்கு என்மேல் பாசம் பொங்கிவிட்டது. நாட்டாண்மைக்காரர் வீட்டிலிருந்து மோர் வந்தது. தண்ணீர் தராமல் கதவைச் சாத்தினாளே, அந்தப் பெண் வெல்லம் கொடுத்தனுப்பினாள். பட்டைப் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்தது. நான் கேட்ட விலைக்கே தருவதாக எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். “அம்மன் முன்னால நின்ன ஆளு,” என்று என்னை மற்றவர்களுக்குக் காட்டினார்கள். ஒரு கூட்டமே எல்லைவரை வழியனுப்ப வந்தது. அந்தக் குடியானவரும் வந்தார். பசுவின் சாணியோடு இருந்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயபுவிடம் இதை எப்படிச் சொல்லலாம் என்று மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே வேப்பிலைக் கயிற்றைத் தாண்டினேன்.

வண்டி நின்றுகொண்டிருந்தது. வண்டிக்குப் பின்னால், ஊர்க்காரர்கள் கண்ணுக்கு மறைவாக, புங்கமரத்தில் கட்டப்பட்டிருந்தவரும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். அவள் இடுப்பில் ஒரு பானை. அவர் தலையில் ஒரு மூட்டை.

முதன்முறையாக அவர் என்னிடம் பேசினார். “சாமி, எங்களையும் ஏத்திக்கினு போய்டுங்க. அங்க தொட்டியில எறங்கறதோ, சுண்ணாம்பு தூக்கறதோ, எந்த வேலைன்னாலும் செய்றேன்.”

“எதுக்கு? அதான் முடிஞ்சிபோச்சே. உங்கமேல தப்பில்லன்னு ஊரே சொல்லுதே.”

“இந்தச் சந்தை வரைக்கும் மாடு சாவல. அடுத்த சந்தைக்குள்ள ஒண்ணு செத்தா? மாடுன்னா சாவாதா சாமி? அப்ப நீங்க இங்க இருக்கமாட்டீங்க.”

நான் திரும்பிப் பார்த்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர்கள் இன்னும் கலையவில்லை. நான் வண்டி ஏறுவதைப் பார்க்க நின்றுகொண்டிருந்தார்கள். இவர்கள் என் வண்டியில் ஏறினால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று விளக்க வேண்டியதே இல்லை. தெரியாது என்று அம்மன்மேல் சத்தியம் செய்தவனும், தெரியாதவனும் ஒரே வண்டியில் போகிறார்கள். பட்டை போகும். சத்தியம் போகும். எந்த ஒன்றுக்காக நான் அப்பாவின் முகத்தில் விழிக்க முடியாதவன் ஆனேனோ, அது வெறும் பொய்யாகிவிடும்.

“அவங்க பாக்கறாங்களே,” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“பாக்கட்டும்,” என்றாள் அந்தப் பெண்.

வண்டிக்காரர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். “பாரம் ஒண்ணும் ஜாஸ்தி இல்ல. மாடு இழுத்துடும்,” என்றார்.

நான் அவள் இடுப்பிலிருந்த பானையை வாங்கி வண்டியில் வைத்தேன். மூட்டையை வாங்கி அதன் பக்கத்தில் வைத்தேன். அவர்கள் ஏறி உட்கார்ந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தக் குடியானவரின் குரல் கேட்டது. கோபமே இல்லை அதில். கையிலிருந்ததைப் பறிகொடுத்தவரின் குரல்.

“தெரியாதுன்னியே! அம்மன்மேல கைய வெச்சு, தெரியாதுன்னு சொன்னியே!”

‘சத்தியம் பண்ணும்போது தெரியாது’ என்று கத்தலாமென்று வாயெடுத்தேன். அதை அங்கே யார் நம்புவார்கள்? நானும் ஏறி அந்த மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வண்டியை ஓட்டச் சொன்னேன்.